மறைவதற்கு முன் ஒரு படம்: ரங்கத்தின் மர வீடுகளும் மூடிய ஆலைகளும்

போர்ட் பிளேரில் படகேறினால் கால் மணி நேரம்கூட ஆகாது, ராஸ் தீவு வந்துவிடும். சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கும் ஆல, அத்தி இன வேர்கள், கூரை போன தேவாலயம், ரொட்டி சுட்ட கூடம், ஆணையர் வாழ்ந்த மாளிகையின் எஞ்சிய படிக்கட்டு என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் படம்தான். 1858 முதல் ஆங்கிலேயரின் நிர்வாகத் தலைமையிடமாக இருந்த இந்தத் தீவை 1941 ஜூன் நிலநடுக்கம் குலுக்கியது. அடுத்த ஆண்டு ஜப்பானியர் வந்தார்கள். 1979-இல் கடற்படை பொறுப்பேற்றது. 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாறிற்று. அந்தமானின் பாழடைந்த கட்டடம் என்று இணையத்தில் தேடினால் வந்து கொட்டுவது இந்த ஒரு தீவின் படங்கள்தான்.

போர்ட் பிளேரிலிருந்து சாலை வழியே வடக்கே சுமார் 170 கிலோமீட்டர் போனால் ரங்கத். நடு அந்தமானின் பெரிய ஊர்களில் ஒன்று. சுற்றுலாப் பயணிகள் ஆம்குஞ்ச் கடற்கரையையும், தானி நல்லாவின் அலையாத்திக் காட்டுக்குள் போகும் மரப்பாலத்தையும், கத்பர்ட் விரிகுடாவில் முட்டையிட வரும் ஆமைகளையும் பார்த்துவிட்டு டிக்லிப்பூருக்குக் கிளம்பிவிடுவார்கள். வனத்துறையின் பழைய மரக் குடியிருப்புகள், ஓடாமல் நின்றுபோன ப்ளைவுட் ஆலைகள், தொழிலாளர் லைன் வீடுகள், 1950-களில் குடியேறியவர்கள் காட்டைத் திருத்திக் கட்டிய முதல் வீடுகள் ஆகியவற்றுக்கு நுழைவுச்சீட்டும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. இடிபாடு என்ற மரியாதைகூட அவற்றுக்கு இல்லை. 'பழைய வீடு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தமானில் காமிராவுக்கு அவசரமான வேலை இருப்பது ராஸ் தீவில் அல்ல, இங்கேதான்.

காரணம் எளிது. ராஸ் தீவில் கட்டியவர்கள் செங்கல்லையும் கல்லையும் கொண்டு கட்டினார்கள். அது உதிர நூறாண்டு எடுத்துக்கொள்ளும். நடு அந்தமானில் கட்டியவர்கள் கைக்கெட்டிய மரத்தாலும் மூங்கில் தட்டியாலும் தானிப் பனை ஓலையாலும் கட்டினார்கள், வசதி வந்தபோது தகரத்தை மேலே போட்டார்கள். ஆண்டுக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை. இரண்டு பருவக்காற்றும் வந்து கொட்டும், மே மாதம் தொடங்கினால் ஆண்டுக் கடைசி வரை ஈரம் விடாது. போதாக்குறைக்கு உப்புக்காற்றும் கரையானும். ஆள் இல்லாத மர வீடு இந்த ஊரில் ஒரு தலைமுறைகூட நிற்காது.

மழையைவிட வேகமாக வீட்டைக் கரைப்பது மனிதக் கைகள்தான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. படாக் மரப் பலகை விலையுள்ள பொருள். தகரம் இன்னொரு கொட்டகைக்கு ஆகும். ஆள் போன வீட்டின் கதவும் உத்தரமும் கைமாறிக் கைமாறி வேறு வீட்டில் போய்ச் சேர்வது தீவில் சிக்கனத்தின் ஒரு வழி, கப்பலில் வந்திறங்கும் ஒவ்வொரு மூட்டை சிமெண்டுக்கும் கூலி கொடுத்துப் பழகியவர்களின் வழி. ஆனால் அதனாலேயே இங்கே இடிபாடு தங்குவதில்லை. இன்று நிற்கும் வீடு அடுத்த மழைக்காலத்துக்குப் பிறகு நாலு கல்லாகவும் ஒரு வாழைத்தோட்டமாகவும் ஆகிவிடலாம்.

மரத்தால் வந்த ஊர்

ரங்கத்தைப் படமெடுக்கப் போகிறவர் முதலில் மரத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். 1883-இல் அந்தமானில் வனத்துறை தொடங்கியது. அதே ஆண்டு போர்ட் பிளேரை ஒட்டிய சாத்தம் தீவில் அரசு மர அறுவை ஆலையும் வந்தது. மரம் வெட்ட, இழுக்க, மிதக்க விட, ஏற்ற ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1918 முதல் சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்திலிருந்து கூலிகளைக் கொண்டுவந்தார்கள். ஏற்றிவிட்ட ஊரின் பெயரே அவர்களுக்கு ஒட்டிக்கொண்டு 'ராஞ்சிக்காரர்கள்' ஆனார்கள். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் குடும்பங்கள் வந்து மாயாபந்தர் பக்கம் வெபி என்ற ஊரை அமைத்தார்கள். பெரிய மரங்களை இழுக்க யானைகள் கடல் கடந்து வந்தன.

நாடு பிரிந்த பிறகு இன்னொரு அலை. 1949-இல் கிழக்கு வங்காளத்து அகதிக் குடும்பங்கள் கப்பலில் வரத் தொடங்கின. 1950-களில் நடு அந்தமானில் காடு திருத்தி அவர்களைக் குடியமர்த்தினார்கள். குடும்பத்துக்கு 5 ஏக்கர் நெல் வயல், 5 ஏக்கர் மேட்டு நிலம் என்பது கணக்கு. புதிதாக எழுந்த கிராமங்களுக்குப் பஞ்சவடி, பர்ணசாலா, சபரி என்று ராமாயணத்தின் வனவாசத்திலிருந்து பெயர் வைத்தார்கள். ஊரை விட்டுக் காட்டுக்கு வந்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைத்துவிட முடியும்! தமிழர்களும் தெலுங்கர்களும் மலையாளிகளும் வேலை தேடி வந்து சேர்ந்தார்கள். ரங்கத் கடைவீதியில் இன்றைக்கும் வங்காளமும் இந்தியும் தமிழும் ஒரே மூச்சில் காதில் விழும்.

அடுத்து வந்தது ப்ளைவுட். குர்ஜன், பாதாம், தூப், பப்பீதா என்று தீவில் அழைக்கப்படும் மரங்கள் உருண்டு திரண்டு நேராக வளர்பவை. உருளையாக அறுத்த அடிமரத்தைக் கடைசல் எந்திரத்தில் சுழலவிட்டு, நீளக் கத்தியால் தாள் தாளாக உரித்து, உலர்த்தி, பசை தடவி, நார் குறுக்கும் நெடுக்குமாக வரும்படி அடுக்கி, சூடான அழுத்தியில் வைத்து எடுப்பார்கள். தேயிலை ஏற்றுமதிக்கான பெட்டிகளுக்கு இந்தப் பலகை போயிற்று. ரங்கத் அருகே பகுல்தலாவில் ஓர் ஆலை இருந்தது. எரட்டா படகுத்துறையிலிருந்து கடல் வழியே போக வேண்டிய லாங் ஐலண்டில் இன்னொன்று. லாங் ஐலண்டு என்ற ஊரே ஆலையைச் சுற்றிப் படர்ந்த ஊர். ஆலைச் சங்கு ஊதும் நேரம்தான் அன்று அங்கே ஊரின் நேரம்.

2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளின் நிலையை ஆராய சேகர் சிங்கை ஆணையராக நியமித்தது. அடுத்த பிப்ரவரியில் அவர் அறிக்கை கொடுத்தார். 2002 மே 7-இல் வந்த உத்தரவு மரத்தொழிலின் முதுகெலும்பை முறித்தது. தீவுக்கு வெளியே விற்பதற்காக மரம் வெட்டுவது நின்றது, ஆலைகளுக்கு மரம் வரும் வழி அடைபட்டது. அந்த உத்தரவு வராமல் போயிருந்தால் இன்று நடு அந்தமானில் காடு எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. உத்தரவு சரியானது. அதே சமயம், ஆலையை நம்பி வந்தவர்கள் கட்டிய வாழ்க்கை அவிழ்ந்துபோனதும் உண்மை. பிழைப்பு போனதும் லாங் ஐலண்டிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். இருந்தவர்கள் மீன்பிடிப்புக்கும் சிறு விவசாயத்துக்கும், பிறகு தீவின் லாலாஜி கடற்கரையைப் பார்க்க வரும் பயணிகளை நம்பிய பிழைப்புக்கும் மாறிக்கொண்டார்கள்.

கைவிடப்பட்டவை கட்டடங்கள் மட்டும் அல்ல. மாயாபந்தருக்கு மேற்கே இண்டர்வியூ தீவில் இன்றும் யானைகள் திரிகின்றன. வடக்கு அந்தமானில் மரம் எடுத்த ஒரு தனியார் நிறுவனம் நொடித்துப்போனபோது, 1962 வாக்கில், தன் வேலை யானைகளில் சுமார் 40-ஐ அங்கே விட்டுவிட்டுப் போனது. பாகனின் சொல் கேட்டு மரம் இழுத்தவை காட்டு யானைகளாகிக் குட்டி போட்டன.

ஐந்து மணிச் சூரியன்

தமிழ்நாட்டிலிருந்து காமிராவோடு போகிறவரை அந்தமான் முதல் நாளே ஏமாற்றிவிடும். தீவுகள் இந்திய நேரத்தின் மையக் கோட்டுக்கு வெகு கிழக்கே இருக்கின்றன. கடிகாரம் மட்டும் அதே இந்திய நேரம்தான் காட்டும். கோடையில் 5 மணிக்கே பொழுது விடிந்துவிடும், டிசம்பரில் மாலை 5 மணியை ஒட்டிச் சூரியன் விழுந்துவிடும். காலைக் காபியை முடித்துவிட்டு 8 மணிக்குப் புறப்பட்டால் நல்ல வெளிச்சம் போயிருக்கும், தகரக் கூரை கண்ணைக் குத்தும்.

வெயில் வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் சுரங்கக் கோபுரங்களையும் உலைகளையும் நீர்த்தொட்டிகளையும் படமெடுத்தார்கள். மேகம் மூடிய நாளாகப் பார்த்து, நிழல் விழாமல், நேருக்கு நேர் நின்று, ஒவ்வொரு கட்டடத்தையும் ஒரே மாதிரி எடுப்பார்கள். அந்தப் படங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிப் பார்த்தால்தான் ஒரு கோபுரத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படும். அந்த முறை ரங்கத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. மேகம் இங்கே ஆண்டில் பாதி நாள் இலவசம். வங்காளக் குடும்பம் கட்டிய வீடு, ராஞ்சிக்காரர் கட்டிய வீடு, கரேன் மரபில் தூண்மேல் நிற்கும் வீடு, வனத்துறை ஒரே வரைபடத்தில் கட்டித் தள்ளிய குவார்ட்டர்ஸ் ஆகியவற்றை ஒரே கோணத்தில் எடுத்து அடுக்கினால், இந்தத் தீவுக்கு யார் யார் என்ன நினைவோடு வந்தார்கள் என்பதைக் கூரைச் சாய்வே சொல்லிவிடும்.

உள்ளே எடுப்பதுதான் சிரமம். மர வீட்டின் உட்புறம் இருட்டு, சன்னலுக்கு வெளியே வெட்டவெளி. ஒன்றைப் பிடித்தால் மற்றது போய்விடும். முக்காலியில் காமிராவை நிறுத்தி, ஒளியளவை மாற்றி மாற்றி நாலைந்து படம் எடுத்துப் பிறகு சேர்ப்பதே வழி. ஃபிளாஷ் போட்டால் சுவரின் மேடுபள்ளம் எல்லாம் தட்டையாகிவிடும். ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பா இல்லாமல் காமிராவை இங்கே ஒரு மழைக்காலம் வைத்திருக்க முடியாது.

கிட்டப்போய்ப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரே ஒரு பலகை போதும். படாக் மரம் அறுத்த புதிதில் குங்குமச் சிவப்பு. வெயிலும் மழையும் பட்டு வெளிமுகம் சாம்பல் நிறமாகிவிடும். இடிந்த சுவரில் கழன்று விழுந்த பலகையைப் புரட்டினால், உள்முகத்தில் அந்தச் சிவப்பு அப்படியே இருக்கும். வைரம் பாய்ந்த கட்டையைக் கரையான் எளிதில் தொடாது. அதற்குப் பக்கத்தில் மலிவான மரத்தில் அடித்த சட்டத்தைப் பார்த்தால் பெயிண்ட் மட்டும் தோலாக நிற்கும், விரலால் அழுத்தினால் உள்ளே மண். ஆணி அடித்த இடத்திலிருந்து துரு கீழே வழிந்து மரத்தில் கறுத்த கண்ணீர்க்கோடு போட்டிருக்கும். தகரம் ஆணித்துளையிலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் விளிம்பிலும்தான் முதலில் தின்னப்படும். எந்தப் பலகை நல்ல மரம், எது மலிவு, எங்கே ஒட்டுப்போட்டார்கள் என்பதில் அந்த வீட்டின் வரவு செலவே எழுதியிருக்கிறது. அகலக் கோண லென்ஸில் மொத்த வீட்டையும் அமுக்கி எடுத்த படத்தில் இது தெரியாது.

யாருடைய பாழ்?

பாழடைந்த கட்டடங்களைப் படமெடுக்கும் துறைக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் கார் ஆலைகள் மூடிய பிறகு உலகெங்குமிருந்து படக்காரர்கள் குவிந்தார்கள். இடிந்த அரங்குகளும் திரையிழந்த திரையரங்குகளும் பெரிய பெரிய புத்தகங்களாக வந்தன. அந்த ஊர்க்காரர்கள் கோபப்பட்டார்கள்: "நாங்கள் இன்னும் இங்கேதானே வாழ்கிறோம், எங்களை ஏன் படத்தில் காணோம்?" அந்தக் கோபம் நியாயமானது. ஜப்பானின் ஹாஷிமா தீவும் அப்படித்தான் பார்க்கப்பட்டது. 1974-இல் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டு ஒட்டுமொத்தமாகக் காலியான தீவு அது. ஆளில்லாத அடுக்குமாடிகளின் படம் உலகம் சுற்றியது. 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோதுதான், அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட கொரியர்களின் கதையைச் சொல்லாமல் இதைப் பாரம்பரியம் என்று எப்படி அழைக்கலாம் என்று பெரிய சச்சரவு எழுந்தது.

நமக்குத் தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரை விழுங்கிய பிறகு எஞ்சிய தேவாலயச் சுவரும் ரயில் நிலையமும் தமிழில் மிக அதிகமாகப் படமெடுக்கப்பட்ட இடிபாடுகளாக இருக்கலாம். அந்தச் சுவர்களைச் சுற்றி மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்ந்துவருகின்றன. திருமணப் படக்காரர்கள் முதல் திரைப்படக்காரர்கள் வரை பெரும்பாலானோர் அந்தக் குடிசைகளைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டுத்தான் எடுக்கிறார்கள். மனிதர் இல்லாத பாழ்தான் அழகு என்ற எண்ணம் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. ரங்கத்தில் அது சுத்தமாக உதவாது. பூட்டிய ஆலையின் வாசலுக்கு எதிர்வீட்டிலேயே அங்கே வேலை பார்த்தவர் இருக்கக்கூடும். எந்த எந்திரம் எங்கே நின்றது, எந்த மரத்தின் வாசனை துணியை விட்டுப் போகாது, யாருக்கு விரல் போனது என்பதை அவர் சொல்லாமல் அந்தக் கொட்டகையின் படம் வெறும் துரு.

கேட்டுவிட்டு எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. கைவிட்டதாகத் தோன்றும் வீட்டுக்கு உரிமையாளர் இருப்பார். போர்ட் பிளேரில் வேலையில் இருப்பார், பொங்கலுக்கோ துர்கா பூஜைக்கோ வருவார். புதிய கான்கிரீட் வீட்டின் பின்னால் நிற்கும் பழைய மர வீடு மாட்டுக்கொட்டிலாகவோ தேங்காய்க் கிடங்காகவோ பயன்பட்டுக்கொண்டிருக்கும். வெற்றிடம் என்று நினைத்து நுழைவது வீடு புகுவதாகிவிடும். வனத்துறை இடம் என்றால் அனுமதி எழுத்தில் வேண்டும், ட்ரோன் பறக்கவிடுவதற்கும் அனுமதி வேண்டும். ஓர் ஆணியைக்கூட நினைவுப் பொருளாக எடுத்துவரக் கூடாது.

கால் வைக்கும் இடமும் முக்கியம். செல்லரித்த தரைப்பலகை ஆள் எடையைத் தாங்காது, சட்டத்தின்மேல்தான் மிதிக்க வேண்டும். கிடக்கும் தகரத்தைக் கையால் புரட்டினால் அடியில் பூரானோ பாம்போ இருக்கலாம். அலையாத்தி ஓடைகளில் உப்புநீர் முதலைகள் உண்டு. நல்ல கோணத்துக்காகத் தண்ணீரில் இறங்கி நிற்பது ரங்கத்தில் உயிரோடு விளையாட்டு.

காமிராவை மூடியே வைக்க வேண்டிய இடம் ஒன்றும் இந்தப் பயணத்தில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து வரும் சாலை ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் நுழைகிறது. வண்டிகள் குறித்த நேரத்தில் வரிசையாகத்தான் போகும். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டம் 1956-ஆம் ஆண்டினது. 2012 தொடக்கத்தில் ஜாரவாப் பெண்களை ஆடவைத்து எடுத்த காணொளி வெளிவந்து உலகமே தலைகுனிந்த பிறகு, அதே ஆண்டு சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். உச்ச நீதிமன்றத்தின் 2002 உத்தரவு இந்தச் சாலையின் அந்தப் பகுதியையே மூடச் சொன்னது. வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ரங்கத்தின் மர வீடுகளைப் படமெடுக்கப் போகும் ஒவ்வொருவரும் காட்டை ஊடறுத்துப் போட்ட இந்தச் சாலையில்தான் போகிறார்கள் என்பதையும், அந்தக் காடு யாருடையது என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தமானுக்குக் காமிரா வந்ததே பாழைப் பார்க்க வந்தவர்களோடுதான். 1789-இல் சாத்தம் தீவில் தொடங்கி, 1792-இல் வடக்கு அந்தமானுக்கு மாறிய ஆங்கிலேயர் குடியேற்றம் நோயால் செத்து மடிந்து 1796-இல் கைவிடப்பட்டது. அறுபதாண்டுகள் கழித்து, 1857 இறுதியில், புதிய தண்டனைக் குடியேற்றத்துக்கு இடம் தேடி மௌவாட் தலைமையில் வந்த குழு அந்தப் பழைய இடங்களைத் தேடிப் பார்த்தது. குழுவில் ஆஸ்கர் மல்லிட் என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் இருந்தார். அதே காலத்தில், 1858-இல், லினீயஸ் டிரைப் மதுரையில் சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் படமெடுத்தார். சில ஆண்டுகளில் நேப்பியர் ஆளுநராக இருந்தபோது மகால் பழுதுபார்க்கப்பட்டது. பழுதுபார்ப்பதற்கு முன்பு அது எப்படி இருந்தது என்பதை இன்று நமக்குக் காட்டுபவை அந்தப் படங்கள்.

ரங்கத்தின் வீடுகளை யாரும் பழுதுபார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டும் என்று கேட்பதுகூட நியாயமில்லை. ஒழுகும் மர வீட்டில் இருந்தவருக்குக் கான்கிரீட் வீடு கிடைத்தால் அது நல்ல செய்தி. பழைய வீட்டைப் பிரிப்பதற்கு முந்தின வாரம் அதன் நாலு பக்கமும், கூரைச் சட்டமும், மூட்டுகளும், அடுப்படியும் அளவுகோல் வைத்துப் படமாகிவிட்டால் போதும். எந்த ஊர், எந்த மரம், யார் கட்டினார்கள், எந்த ஆண்டில் வந்தார்கள் என்பதைப் படத்தோடு எழுதிவைக்க வேண்டும். இதற்கு விலையுயர்ந்த காமிராகூட வேண்டாம். ரங்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கும் கைப்பேசி செய்துவிடும், பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ள அவர்களுக்கு மொழியும் தெரியும்.

சாத்தம் அறுவை ஆலையில் வனத்துறையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. தீவின் மரவகைகளும் மரத்தால் செய்த பொருள்களும் அங்கே காட்சிக்கு உள்ளன. படாக் எப்படி இருக்கும், குர்ஜன் எப்படி இருக்கும் என்று பார்த்துவிட்டு வரலாம். அந்த மரத்தை வெட்டியவர்களும் இழுத்தவர்களும் உரித்தவர்களும் வாழ்ந்த லைன் வீடுகளின் படங்களுக்கு அதே கூடத்தில் ஒரு சுவரை ஒதுக்க வேண்டும். லாங் ஐலண்டிலும் பகுல்தலாவிலும் வேலை பார்த்தவர்கள் பலர் முதியவர்களாக இன்னும் இருக்கிறார்கள். மழை விடும் டிசம்பருக்கும் மறுபடி பிடிக்கும் மே மாதத்துக்கும் நடுவே அவர்களைப் பார்த்துப் பேசவும் வீடுகளைப் படமெடுக்கவும் ஐந்து மாதங்கள் கிடைக்கும்.